சம்பளமும் இல்லை, கட்டளையும் இல்லை: தன்னார்வ மென்பொருள் திட்டத்துக்கு ஆட்கள் எப்படி வந்து சேர்கிறார்கள்?

"நிரலை கிட்ஹப்பில் போட்டு ஒரு வருடம் ஆகிறது. ஒருத்தர்கூட எட்டிப் பார்க்கவில்லை." மென்பொருள் எழுதும் நண்பர்கள் பலர் இப்படிப் புலம்பக் கேட்டிருக்கிறேன். கிட்ஹப் என்பது நிரலைப் போட்டுப் பிறரோடு பகிரும் இணையதளம். கல்லூரி மாணவர்களிடம் பேசினால் வேறு மாதிரி சொல்வார்கள்: "ஓப்பன் சோர்ஸில் யார் வேண்டுமானாலும் எதையும் மாற்றலாமே, அங்கே தலைவருக்கு என்ன வேலை?"

இரண்டு பேச்சும் ஒரே குழப்பத்திலிருந்து வருகின்றன. நிரலைத் திறந்து வைத்தால் கூட்டம் தானாக வரும், வந்த கூட்டம் தானாக வேலை செய்யும் என்ற நினைப்புதான் அது. நான் சில ஆண்டுகளாக ஓய்வு நேரத்தில் இரண்டு மூன்று சிறிய திட்டங்களில் வேலை செய்கிறேன். அங்கே எதுவும் தானாக நடந்து நான் பார்த்ததில்லை. யாரோ ஒருவர் பொறுமையாக உட்கார்ந்து, புதிதாக வருகிறவருக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார். அதனால்தான் நடக்கிறது. அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை நிரல் எழுதத் தெரியாதவருக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன்.

பந்தியில் உப்பு வைக்கும் பையன்

கோயில் அன்னதானத்தை நினைத்துக்கொள்ளுங்கள். பரிமாறுகிற யாருக்கும் சம்பளம் கிடையாது. முதல் முறை வருகிற பையன் கையில் யாரும் சாம்பார் வாளியைக் கொடுப்பதில்லை. உப்புக் கிண்ணத்தைக் கொடுப்பார்கள், அல்லது தண்ணீர் ஜக்கை. இலையின் இடது ஓரத்தில் ஒரு சிட்டிகை உப்பு வைப்பதில் பெரிதாகத் தப்பு நேர வழியில்லை. ஆனால் ஒரு வரிசையை முடிப்பதற்குள் அந்தப் பையனுக்குப் பல விஷயங்கள் பிடிபட்டுவிடும்: எந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கிறார்கள், எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள், காலியான பாத்திரத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது. அடுத்த பந்தியில் அப்பளம் வரும். அதற்கு அப்புறம் பொரியல். சூடான ரசத்தைச் சிந்தாமல் ஊற்றுவது இன்னும் இரண்டு திருவிழா கழித்து.

தோளில் துண்டோடு ஒரு பெரியவர் ஓரமாக நிற்பார். அவர் பரிமாறுவது குறைவு, பார்ப்பது அதிகம். "தம்பி, மூணாவது வரிசைக்கு ரசம் வரலை பாரு" என்பார். எல்லார் முன்னாலும் அவர் ஒருவனைக் கண்டபடி திட்டினால், அவன் வாளியை அங்கேயே வைத்துவிட்டுப் போகலாம். தடுக்க யாருக்கும் உரிமையில்லை. அது அந்தப் பெரியவருக்கும் தெரியும்.

இன்னொரு பையனும் உண்டு. உதவி செய்யலாம் என்று வந்து சமையல்கட்டு வாசலில் பத்து நிமிடம் நிற்கிறான். யாரும் அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. மெல்ல நழுவிவிடுகிறான். அவன் வந்ததும் போனதும் யாருக்கும் தெரியாது. அடுத்த வருடம் "இந்தக் காலத்துப் பசங்க யாரும் வேலைக்கு வர்றதில்லை" என்று பேசிக்கொள்வார்கள்.

தன்னார்வ மென்பொருள் திட்டங்களில் நடப்பது பெரும்பாலும் இந்த இரண்டு பையன்களின் கதைதான்.

எது திறந்திருக்கிறது, எது இல்லை

மென்பொருளை மனிதர்கள் எழுதும் வடிவத்துக்கு மூல நிரல் என்று பெயர். கடையில் வாங்கும் பெரும்பாலான மென்பொருள்களில் அது நம் கண்ணில் படாது. திறமூல (ஓப்பன் சோர்ஸ்) மென்பொருளில் யாரும் மூல நிரலைப் படிக்கலாம், மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் கொடுக்கலாம். இந்த உரிமையை எழுத்தில் தருவது அதன் உரிமம்.

திறந்திருப்பது அவ்வளவுதான். உங்கள் கணினியில் உள்ள நகலை நீங்கள் எப்படி வேண்டுமானாலும் மாற்றலாம். திட்டம் உலகத்துக்கு வெளியிடும் பிரதியில் அந்த மாற்றம் சேர வேண்டும் என்றால் ஒருவர் பார்த்து, சரி என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லும் பொறுப்பில் இருப்பவரைப் பராமரிப்பாளர் என்கிறோம். மாற்றத்தை எழுதி அனுப்புபவர் பங்களிப்பாளர். அவர் அனுப்பும் திருத்தம் பேட்ச். கிழிசலுக்கு வைக்கும் ஒட்டுத்துணி மாதிரி, முழுச் சட்டையையும் அனுப்பாமல் மாறிய இடத்தை மட்டும் அனுப்புவதால் அந்தப் பெயர்.

இன்னொரு சொல்லும் தெரிந்திருக்க வேண்டும்: ஃபோர்க். திட்டத்தை நடத்துகிறவர்களோடு ஒத்துப்போகவில்லை என்றால், நிரலை அப்படியே நகலெடுத்து வேறு பெயரில் தனித் திட்டமாக நடத்தலாம். உரிமம் அதற்கு இடம் தருகிறது. ஓப்பன்ஆஃபிஸ் என்ற அலுவலக மென்பொருள் திட்டத்தை நடத்திய சன் நிறுவனத்தை 2010-ல் ஆரக்கிள் வாங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரிலேயே தன்னார்வலர்களில் பெரும் பகுதியினர் விலகி லிப்ரேஆஃபிஸ் என்ற பெயரில் ஃபோர்க் செய்தார்கள். பெயரும் வணிகச் சின்னமும் பழைய இடத்திலேயே தங்கின. ஆட்கள் போய்விட்டார்கள். இன்று தமிழ் இடைமுகத்தோடு நாம் பயன்படுத்துவது அந்த லிப்ரேஆஃபிஸைத்தான்.

இதுவரை பார்த்தது: நிரல் எல்லோருக்கும் திறந்திருக்கிறது, ஆனால் வெளியீட்டின் சாவி சிலரிடம் மட்டும் இருக்கிறது. சாவி வைத்திருப்பவர் சரியாக நடக்கவில்லை என்றால் மற்றவர்கள் இன்னொரு வீடு கட்டிக்கொண்டு போகலாம். ஆகவே அவரிடம் இருக்கும் அதிகாரம், மற்றவர்கள் மனமுவந்து கொடுத்து வைத்திருக்கும் அதிகாரம்.

வடம் பிடிப்பவர்களும் கட்டை போடுபவர்களும்

"ஊர் கூடித் தேர் இழுப்பது போல" என்று திறமூலத்தைப் பற்றிச் சொல்வார்கள். சரியான உவமைதான், ஆனால் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். திருவாரூர் ஆழித்தேரை இழுப்பது வடம் பிடித்த கூட்டம். அந்தப் பெரிய தேர் வீதி முனையில் திரும்புவதும் நிற்பதும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்கள் கையில் இருக்கிறது. பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை போடுவது என்றால் காரியத்தைக் கெடுப்பது. தேரடியில் அது மிகவும் தேர்ந்தவர்கள் செய்யும் வேலை. பராமரிப்பாளரின் வேலையும் அதுதான்.

லினக்ஸை எடுத்துக்கொள்வோம். 1991 ஆகஸ்ட் 25-ம் தேதி ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் இணையக் குழு ஒன்றில் ஒரு சிறிய அறிவிப்பு போட்டார். பொழுதுபோக்காக ஒரு இயங்குதளம் எழுதுகிறேன், பெரிதாக ஒன்றும் இருக்காது என்றார். அதோடு நிற்காமல், அப்போது பலர் பயன்படுத்திய மினிக்ஸ் என்ற இயங்குதளத்தில் என்ன பிடிக்கிறது, என்ன பிடிக்கவில்லை என்றும் கேட்டிருந்தார். இந்தக் கேள்வியைப் பலர் கவனிப்பதில்லை. "நான் செய்ததைப் பாருங்கள்" என்று அறிவிப்பவர்கள் ஏராளம். "உங்களுக்கு என்ன வேண்டும்" என்று கேட்டவருக்குப் பதில்கள் வந்தன. பதில் போட்டவர்களில் சிலர் நிரலும் அனுப்ப ஆரம்பித்தார்கள்.

இன்று லினக்ஸின் கருவில், அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியில், ஒன்பது பத்து வாரத்துக்கு ஒருமுறை புதிய பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பேட்ச்கள் சேர்கின்றன. அத்தனையையும் ஒருவரே படித்துவிட முடியாது. அதனால் மூல நிரலோடு மெயின்டெய்னர்ஸ் என்ற ஒரு கோப்பே இருக்கிறது. இந்தப் பகுதிக்கு இவர் பொறுப்பு, இந்த முகவரிக்கு எழுதுங்கள் என்று பகுதி பகுதியாகப் பெயர் போட்டிருக்கும். நீங்கள் தொட்ட கோப்பைச் சொன்னால் யாருக்கு அனுப்ப வேண்டும் என்று காட்டும் ஒரு சிறு கருவியும் உண்டு. பகுதிப் பராமரிப்பாளர்கள் பார்த்துத் தேர்ந்ததை டோர்வால்ட்ஸ் ஒன்றுசேர்க்கிறார். அவருடைய இன்றைய வேலை பெரும்பாலும் சேர்ப்பதும் மறுப்பதும்தான். கருவில் வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்கு இன்று ஏதோ ஒரு நிறுவனம் சம்பளம் கொடுக்கிறது என்பது உண்மை. ஆனாலும் அந்த நிறுவனத்தின் மேலாளர் போன் போட்டு "இதைச் சேர்த்துவிடுங்கள்" என்று சொன்னால் இங்கே செல்லாது. பேட்ச் சரியாக இருந்தால்தான் சேரும்.

மறுப்பதற்கும் ஒரு விதம் இருக்கிறது. டோர்வால்ட்ஸ் பல ஆண்டுகள் கடுமையான சொற்களில் மறுத்து வந்தார். 2018 செப்டம்பரில் அதற்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டு, சில வாரங்கள் விலகியிருந்தார். திறமையான தலைவர் என்றால் அப்படித்தான் கத்துவார் என்று இன்னும் சொல்பவர்களுக்கு இதை நினைவுபடுத்த விரும்புகிறேன். கத்தியதால் லினக்ஸ் வளரவில்லை. கத்தலைப் பொறுத்துக்கொண்டு பலர் தங்கியதால் வளர்ந்தது. தங்காமல் போனவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு யாரிடமும் இல்லை.

முடிவெடுக்கும் முறைகள் பல உண்டு. 1995-ல் எட்டுப் பேர் சேர்ந்து தொடங்கிய அப்பாச்சி என்ற வலைச் சேவையக மென்பொருள் திட்டத்தில் மின்னஞ்சலிலேயே ஓட்டுப் போடுவார்கள். ஆதரவு என்றால் பிளஸ் ஒன்று, எதிர்ப்பு என்றால் மைனஸ் ஒன்று. நிரல் மாற்றத்துக்கு ஒரே ஒரு மைனஸ் விழுந்தாலும் அது நிற்கும், ஆனால் தொழில்நுட்பக் காரணம் சொல்லியாக வேண்டும். காரணம் சொல்லாத மைனஸுக்கு மதிப்பில்லை. லினக்ஸை வைத்து முழு இயங்குதளம் உருவாக்கும் டெபியன் திட்டம் ஆண்டுதோறும் தன் தலைவரை உறுப்பினர்களின் ஓட்டால் தேர்ந்தெடுக்கிறது. வேட்பாளர்கள் யாரும் வேண்டாம் என்று குறிக்கவும் ஓட்டுச்சீட்டில் இடம் உண்டு. எந்த முறையாக இருந்தாலும், முடிவு எங்கே, யாரால், எப்படி எடுக்கப்படுகிறது என்பது புதிதாக வருகிறவருக்குத் தெரிந்தால் போதும், பாதித் தயக்கம் போய்விடும்.

முதல் பேட்சுக்கு வரும் பதில்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியைத்தான் நிதானமாகப் படிக்க முடியும் என்றால் இதைப் படியுங்கள்.

நான் முதன்முதலில் திருத்தம் அனுப்பியது ஒரு சின்ன நாட்காட்டி மென்பொருளுக்கு. அதில் தமிழில் காட்டும் மாதப் பெயர்களைச் சுருக்குவதற்கு முதல் எழுத்தை மட்டும் வெட்டி எடுத்தார்கள். ஆங்கிலத்தில் மூன்று எழுத்து வெட்டினால் பன்னிரண்டு மாதமும் தனித்தனியாகத் தெரியும். தமிழில் ஜூன், ஜூலை இரண்டும் "ஜூ" என்றே வந்தன. அடுத்தடுத்து இரண்டு "ஜூ". இரண்டு இரவு உட்கார்ந்து சரிசெய்தேன். அனுப்பும்போது கை நடுங்கியது, மிகையில்லை. தினமும் காலையில் பதில் வந்திருக்கிறதா என்று பார்த்தேன். ஒரு மாதம் கழித்துப் பார்ப்பதை விட்டுவிட்டேன். ஐந்து மாதம் கழித்து ஒரு தானியங்கி வந்து, நீண்ட நாள் செயல்பாடு இல்லாததால் மூடப்படுகிறது என்று எழுதிவிட்டுப் போனது. அந்தத் திட்டத்தின் பக்கம் நான் அப்புறம் போகவே இல்லை. நடத்தியவர் கெட்டவர் இல்லை, தனி ஆளாகத் திணறிக்கொண்டிருந்திருப்பார் என்று இப்போது புரிகிறது.

அதே சிக்கல் வேறொரு மென்பொருளிலும் இருந்தது. மனமில்லாமல்தான் அங்கேயும் அனுப்பினேன். இரண்டாம் நாள் பதில் வந்தது. "நன்றி. நானும் ஓட்டிப் பார்த்தேன், இரண்டு மாதமும் ஒன்றாகத்தான் வருகிறது. இதை ஒரு சோதனையாகவும் எழுதிவிடுங்கள், அப்போது அடுத்த முறை யாராவது மாற்றினாலும் கெடாது. சோதனைகள் இந்தக் கோப்பில் இருக்கின்றன, 40-வது வரியில் உள்ளதைப் பார்த்து அப்படியே செய்யலாம். மலையாளத்திலும் இதே பிரச்சினை இருக்கும் என்று தோன்றுகிறது, முடிந்தால் பாருங்கள்."

ஐந்தாறு வரிதான். அதில் எத்தனை விஷயம் அடங்கியிருக்கிறது பாருங்கள். அவர் நிரலை உண்மையாகவே ஓட்டிப் பார்த்திருக்கிறார், என் உழைப்பு ஒரு மனிதக் கண்ணில் பட்டிருக்கிறது. குறையைச் சொல்கிறார், ஆனால் அது என்மேல் விழவில்லை. சோதனை (நிரல் சரியாக நடக்கிறதா என்று தானாகப் பார்க்கும் சிறு நிரல்) ஏன் வேண்டும் என்ற காரணத்தோடு வேலைமேல் விழுகிறது. எங்கே போய்ச் செய்ய வேண்டும் என்று வரி எண்ணோடு காட்டுகிறார், அதனால் நான் அரை நாள் தேடி அலையவில்லை. கடைசியில் அடுத்த வேலையையும் கையில் கொடுத்துவிடுகிறார். பந்தியில் உப்பு முடித்த பையனிடம் அப்பளக் கூடையைக் கொடுத்த மாதிரி. மலையாளத்திலும் பார்த்தேன், இருந்தது. இன்றும் அந்தத் திட்டத்தில்தான் இருக்கிறேன்.

பிறர் அனுப்பிய நிரலைப் படித்துக் கருத்துச் சொல்லும் இந்த வேலைக்கு மதிப்பாய்வு என்று பெயர். திட்டங்களில் பஞ்சம் எழுதும் ஆட்களுக்கு மட்டும்தான் என்று வெளியிலிருந்து தோன்றும். உள்ளே வந்து பார்த்தால் மதிப்பாய்வுக்குத்தான் பெரும் பஞ்சம். புதிதாகப் பத்துப் பேர் வந்து, பதில் சொல்ல ஒருவர்தான் என்றால் அந்தப் பத்துப் பேரில் எட்டுப் பேர் என்னைப் போல ஐந்து மாதம் காத்திருந்துவிட்டுப் போவார்கள். ஆள் சேர்ப்பதற்கு முன்னால் பதில் சொல்லத் தலைவர் நேரம் ஒதுக்க வேண்டும். நேரமில்லை என்றால் "இந்த மாதம் பார்க்க முடியாது, அடுத்த மாதம் பார்க்கிறேன்" என்று ஒரு வரி எழுதலாம். அந்த ஒரு வரிக்கே ஆள் தங்கும்.

உப்புக் கிண்ணத்தை யாராவது எடுத்து வைக்க வேண்டும்

சின்ன வேலைகள் தானாகக் கண்ணில் படாது. லிப்ரேஆஃபிஸ் தொடங்கியபோது செய்த ஒரு காரியம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்த நிரலின் பூர்வீகம் ஜெர்மனியில் இருந்த ஸ்டார்டிவிஷன் என்ற நிறுவனம். அதனால் நிரலுக்கு நடுவே எழுதி வைத்த குறிப்புகள் ஆயிரக்கணக்கில் ஜெர்மன் மொழியில் இருந்தன. மற்ற நாட்டுக்காரர்களுக்குப் படிக்க முடியவில்லை. இந்தக் குறிப்புகளை ஆங்கிலத்தில் மாற்றுவதை அவர்கள் "ஈஸி ஹேக்ஸ்" என்ற எளிய வேலைகள் பட்டியலில் சேர்த்தார்கள். ஜெர்மன் தெரிந்த யாரும், பெரிய நிரலாளராக இல்லாவிட்டாலும், ஒரு கோப்பை எடுத்து மொழிபெயர்த்து அனுப்பலாம். எதுவும் உடைந்துபோகாது. ஆனால் அதைச் செய்து முடிப்பதற்குள் நிரலை இறக்குவது, தொகுப்பது, பேட்ச் அனுப்புவது, மதிப்பாய்வுக்குப் பதில் சொல்வது என எல்லாப் படியும் பழகிவிடும்.

இப்படி ஒரு வேலையை எழுதி வைக்க நேரம் பிடிக்கும். பராமரிப்பாளர் பதினைந்து நிமிடத்தில் தானே முடித்துவிடக்கூடிய வேலையை, ஒரு மணி நேரம் செலவழித்து, எந்தக் கோப்பு, என்ன மாற வேண்டும், முடிந்தது என்று எப்படித் தெரியும் என்றெல்லாம் எழுத வேண்டும். கணக்குப் போட்டால் நஷ்டம் போலத் தெரியும். அந்த வேலையைச் செய்து பழகிய ஒருவர் அடுத்த மூன்று வருடம் தங்கினால் கணக்கு மாறிவிடும்.

நிரல் எழுதாதவர்களுக்கும் இங்கே இடம் உண்டு. தமிழில் ஃபயர்பாக்ஸ் உலாவி, கேடிஇ என்ற கணினித் திரை இடைமுகம், லிப்ரேஆஃபிஸ் எல்லாம் கிடைப்பதற்குக் காரணம் மொழிபெயர்த்த தன்னார்வலர்கள். "ஃபைல்" என்பதைக் கோப்பு என்று போடுவதா, "சேவ்" என்பதைச் சேமி என்று போடுவதா என்று உட்கார்ந்து வாதாடியவர்கள் அவர்கள். அதுவும் பங்களிப்புதான். இதை நிரலாளர்கள் மறந்துவிடுவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

இன்னொன்று, பலர் கவனிக்காதது: முடிவுகள் எங்கே பேசப்படுகின்றன? மூன்று நண்பர்கள் டீக்கடையிலோ தனி வாட்ஸப் குழுவிலோ பேசி முடித்துவிட்டால் நான்காவது ஆளுக்கு உள்ளே நுழைய வழியில்லை. எல்லோரும் படிக்கும் இடத்தில் பேசினால் கொஞ்சம் மெதுவாகத்தான் நடக்கும். ஆனால் ஆறு மாதம் கழித்து வருகிறவர் "இதை ஏன் இப்படிச் செய்தார்கள்" என்று தேடிப் படித்துத் தெரிந்துகொள்ளலாம்.

சுருக்கமாக: ஆள் வருவதற்குக் கையில் எடுக்கக்கூடிய சின்ன வேலை வேண்டும், வந்தவர் தங்குவதற்குச் சீக்கிரம் வரும் நல்ல பதில் வேண்டும், தங்கியவர் வளர்வதற்குப் பேச்சு எல்லோர் கண்ணிலும் படும் இடத்தில் நடக்க வேண்டும்.

எதற்காக வருகிறார்கள்

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இலங்கையின் கணினித் துறையினர் பலர் தாமாகவே கூடினார்கள். காணாமல் போனவர்கள் யார், எந்த முகாமில் யார் இருக்கிறார்கள், எங்கே என்ன உதவி தேவை என்று பதிவு செய்யும் மென்பொருளைச் சில நாட்களிலேயே எழுதத் தொடங்கினார்கள். பெயர் சஹானா, சிங்களத்தில் நிவாரணம் என்று பொருள். அடுத்த ஆண்டு பாகிஸ்தான் நிலநடுக்கத்தின்போது அது அங்கேயும் பயன்பட்டது. அந்த நாட்களில் அவர்களைக் கூப்பிட யாரும் விளம்பரம் செய்யத் தேவைப்படவில்லை. தேவை கண் முன்னால் இருந்தது. ஆனால் அப்படிக் கூடும் கூட்டம் தேவை தணிந்ததும் கலைவது இயல்பு. அதற்குப் பிறகும் அந்த நிரல் உயிரோடு இருக்க, ஒரு சிறு குழு அமைதியான நாட்களிலும் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டியிருந்தது.

பரிசு கொடுத்து ஆள் சேர்த்தால் என்ன ஆகும்? ஹாக்டோபர்ஃபெஸ்ட் என்று டிஜிட்டல்ஓஷன் நிறுவனம் அக்டோபர் மாதந்தோறும் நடத்தும் நிகழ்ச்சி இருக்கிறது. 2020-ல், நான்கு திருத்தங்கள் அனுப்பினால் டி-ஷர்ட் என்று இருந்தது. நோக்கம் நல்லதுதான். ஆனால் முதல் நாளிலேயே பராமரிப்பாளர்களின் வாசலில் குப்பை வந்து குவிந்தது: அறிமுகக் கோப்பில் "அருமையான திட்டம்" என்று ஒரு வரி சேர்ப்பது, தேவையில்லாமல் ஒரு இடைவெளி விடுவது. ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து மூடியது சம்பளம் வாங்காத பராமரிப்பாளர்கள். சில நாட்களிலேயே விதியை மாற்றி, விரும்பிச் சேரும் திட்டங்களுக்கு மட்டும் என்றாக்கினார்கள். அனுப்பியவர்களில் பலர் முதல்முறை வந்த மாணவர்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. எண்ணிக்கையைக் கேட்டார்கள், எண்ணிக்கை கிடைத்தது.

நான் பார்த்தவரை நீண்ட நாள் தங்குகிறவர்கள் தங்களுக்கு நிஜமாக உறுத்திய ஒரு சிக்கலோடு வந்தவர்கள். என் "ஜூ" மாதிரி. அதனால் புதிய ஆட்களைத் தேடும் தலைவர் முதலில் பார்க்க வேண்டியது தன் மென்பொருளைப் பயன்படுத்தி, அதன்மேல் எரிச்சல் பட்டுக்கொண்டிருப்பவர்களை. வழுவை, அதாவது மென்பொருளில் உள்ள பிழையைப் பற்றி நீளமாகப் புகார் எழுதுகிறவர் வருங்காலப் பங்களிப்பாளராக இருக்கலாம்.

ஒரே தோளில் தொங்கும் பாரம்

திறமூல வட்டாரத்தில் பஸ் எண் என்று ஒரு சொல் புழங்குகிறது. எத்தனை பேர் மீது பேருந்து மோதினால் திட்டம் நின்றுபோகும் என்பதுதான் அந்த எண். கேட்கக் கொடூரமாக இருக்கிறது, கேள்வி நியாயமானது. பல திட்டங்களுக்கு விடை ஒன்று.

2014 ஏப்ரலில் ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளில் ஹார்ட்பிளீட் என்ற ஓட்டை வெளியே தெரிந்தது. வங்கித் தளங்கள் உட்பட இணையத்தின் பெரும் பகுதி பாதுகாப்புக்கு நம்பியிருந்த நிரல் அது. அதை முழுநேரமாகக் கவனித்துக்கொண்டது ஒரே ஒருவர், திட்டத்துக்கு ஆண்டுக்கு வந்த நன்கொடை சுமார் 2,000 டாலர் என்று அப்போதுதான் உலகத்துக்குத் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளாக அந்த ஓட்டை உள்ளே இருந்திருக்கிறது. பார்க்க ஆள் இல்லை.

2024-ல் நடந்தது இன்னும் கனமானது. எக்ஸ்இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் சிறிய மென்பொருள். ஏறக்குறைய எல்லா லினக்ஸ் கணினியிலும் இருக்கும். ஒருவர் பல ஆண்டுகளாகத் தனியாகப் பார்த்துவந்தார். சோர்ந்துபோயிருந்தார், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் சொல்லியிருந்தார். ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் வந்து பொறுமையாக உதவினார். அதே சமயம் வேறு சில பெயர்களில் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று நெருக்குதல் வந்தது. காலப்போக்கில் ஜியா டானுக்குச் சாவி கிடைத்தது. 2024 தொடக்கத்தில் அந்தக் கையால் ஒரு கள்ளக் கதவு நிரலுக்குள் நுழைந்தது. தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய வழக்கத்தைவிட அரை வினாடி கூடுதலாகிறதே என்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் தோண்டிப் பார்த்ததால், மார்ச் 29 அன்று குட்டு வெளிப்பட்டது.

இதைப் படித்துவிட்டு "புதியவர்களை நம்பக்கூடாது" என்று முடிவு கட்டுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பராமரிப்பாளருக்குப் பக்கத்தில் நம்பகமான இன்னும் இரண்டு பேர் முன்பே இருந்திருந்தால், சோர்வைச் சாக்காக வைத்து யாரும் உள்ளே புகுந்திருக்க முடியாது. ஆட்களை நிதானமாக வளர்ப்பது பாதுகாப்பு வேலையும்கூட.

சாவியைக் கொடுப்பது

பைத்தான் மொழியை உருவாக்கிய கைடோ வான் ரோசம், கருணையுள்ள வாழ்நாள் சர்வாதிகாரி என்று பொருள்படும் பட்டத்தோடு பல ஆண்டுகள் இறுதி முடிவுகளை எடுத்துவந்தார். 2018-ல் ஒரு சிறு குறியீட்டை மொழியில் சேர்ப்பது பற்றி பெரிய சண்டை. சேர்த்துவிட்டார், ஆனால் களைத்துப்போனார். அந்த ஜூலையில் விலகினார். வாரிசு என்று யாரையும் சொல்லவில்லை, நீங்களே ஒரு முறையைக் கண்டுபிடியுங்கள் என்றார். சில மாதம் விவாதித்து ஐந்து பேர் கொண்ட வழிகாட்டுக் குழு என்ற முறைக்கு வந்தார்கள். 2019 தொடக்கத்தில் தேர்தல் நடந்தது. அந்த முதல் குழுவின் ஐவரில் கைடோவும் ஒருவர், மற்ற நால்வருக்குச் சமமாக.

இன்னும் சீக்கிரமாகக் கைமாறிய திட்டமும் உண்டு. நிரல் மாற்றங்களைக் கணக்கு வைக்கும் கிட் மென்பொருளை டோர்வால்ட்ஸ் 2005 ஏப்ரலில் எழுதத் தொடங்கினார். ஜூலையில் அதை ஜூனியோ ஹமானோவிடம் ஒப்படைத்துவிட்டார். நான்கு மாதம்கூட ஆகவில்லை. ஆரம்ப வாரங்களிலிருந்தே பேட்ச் அனுப்பி, பிறர் பேட்ச்களைப் பற்றிப் பேசிவந்தவர் ஹமானோ. அவர் கையில் வளர்ந்த கிட் இன்று உலகம் முழுக்க இருக்கிறது. இந்தக் கட்டுரையின் முதல் வரியில் வந்த கிட்ஹப்பின் பெயரிலும் அந்தக் கிட் இருக்கிறது.

நீங்கள் பங்களிக்க ஒரு திட்டம் தேடுகிறீர்கள் என்றால் அதன் புகழைப் பார்க்காதீர்கள். வெளியாட்கள் கடைசியாக அனுப்பிய பத்துத் திருத்தங்களைத் திறந்து பாருங்கள். முதல் பதில் வர எத்தனை நாள் ஆனது, பதில் போட்டது ஒரே ஆளா, நான்கைந்து பேரா, மறுத்தபோது காரணம் சொன்னார்களா என்று கவனியுங்கள். அரை மணி நேரம் போதும். நீங்களே ஒரு திட்டம் நடத்துகிறீர்கள் என்றால், அதே பத்தை இன்று ராத்திரி உங்கள் பக்கத்தில் எண்ணிப் பாருங்கள். பதிலே போடாமல் விட்டது ஏதாவது இருந்தால் அவருக்கு முதலில் எழுதுங்கள், தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்டு.